ஒரே வாரம், ஒரே ஊசி

பிப்ரவரி 6

அக்கா,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்தில் நீ புத்திமதிக்குப் போய்விடுவாய், ஐந்தாவது வாக்கியத்தில் நான் கத்துவேன், யாராவது ஒருத்தி போனை வைத்துவிடுவாள். போன வருடம் அப்படித்தான் முடிந்தது. "பகல்ல படுத்தா எல்லா வியாதியும் தேடி வரும்" என்றாய். அதற்குப் பிறகு நாம் பேசவில்லை. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது என்பது எனக்கு ஒரு வசதி.

வியாதி தேடி வந்திருக்கிறது. ஹெபடைடிஸ் சி என்று ஒரு கிருமி. கல்லீரலில் உட்கார்ந்துகொண்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாக்கும். இருபது, இருபத்தைந்து வருடமாக எனக்குள் இருந்திருக்கும் என்கிறார்கள். என் அசதிக்கும் அதுதான் காரணமாக இருக்கலாமாம். இப்போது மாத்திரை வந்துவிட்டது, மூன்று மாதம் சாப்பிட்டால் கிருமி போய்விடும். கெட்டியான இடம் எவ்வளவு சரியாகும் என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். பயப்படாதே. நான் எழுதுவது அதற்காக இல்லை.

இந்தக் கிருமி தண்ணீரில் வராது, சாப்பாட்டில் வராது. ரத்தத்தோடு ரத்தம் சேர்ந்தால்தான் வரும். டாக்டரம்மா கேட்டார்: "ரத்தம் ஏத்தியிருக்காங்களா? ஆபரேஷன்? பச்சை குத்தினீங்களா? வேற ஏதாவது?" எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். பக்கத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்ததும், "எங்கிருந்து வந்திருக்கும்?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "தெரியாம எப்படி?" என்றார். அவ்வளவுதான் பேச்சு. மறுநாளிலிருந்து எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் படுக்கிறார். புதிதாக வந்த லென்ஸ் வெட்டும் மெஷினைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். மெஷின் எங்கே ஓடிப்போகும்?

பிறகுதான் எனக்கு அந்த ஊசி ஞாபகம் வந்தது. நம் இருவருக்கும் நெகட்டிவ் ரத்தம். உன் இளைய மகளும் என் மகனும் ஒரே வாரத்தில், ஒரே நர்சிங் ஹோமில் பிறந்தார்கள். நமக்குப் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். பிள்ளைகளின் ரத்தம் பாசிட்டிவ் என்பதால் அடுத்த பிரசவத்தில் சிக்கல் வராமல் இருக்க நமக்கு ஓர் ஊசி போட்டார்கள். அந்த மருந்தைப் பலருடைய ரத்தத்திலிருந்துதான் எடுப்பார்களாம். அதில் கோளாறு இருந்திருக்கலாம், விசாரிக்கலாம் என்றார் டாக்டரம்மா. எங்கே விசாரிப்பது? நர்சிங் ஹோமை இடித்து கார் நிறுத்த இடம் போட்டுவிட்டார்கள். மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான்.

இத்துடன் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். அதில் டாக்டரம்மா எழுதியிருக்கும் பரிசோதனையை எடுத்துக்கொள். சாதாரண லேபிலேயே எடுப்பார்கள். உனக்கும் வந்திருந்தால் ஊசிதான் காரணம் என்றாகிவிடும். உனக்கு வந்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவதாக நினைக்காதே. ஆசைப்படவில்லை என்றும் என்னால் சத்தியம் பண்ண முடியவில்லை.

தங்கை


பிப்ரவரி 12

சின்னவளுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு உன் அத்தானிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், வழக்கம்போலப் பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

முதலில் தைரியமாக இரு. மருந்து இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். ஒழுங்காகச் சாப்பிடு. விடிந்ததும் எழுந்து நட. இது புத்திமதி இல்லை, நடப்பு. எனக்கு ஐம்பத்தைந்து முடிந்துவிட்டது. இன்றும் காலையில் நான் நீச்சல் சொல்லித்தரும் பெண்கள் பேட்ச் வருவதற்குள் கிளப் குளத்தில் இருபது சுற்று நீந்திவிட்டுத்தான் விசிலைக் கழுத்தில் மாட்டுகிறேன். உடம்பு நாம் சொன்னால் கேட்கும். கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

உன் வீட்டுக்காரரைப் பற்றி நீ எழுதியதை நான் நம்பவில்லை. அவர் வாயில்லாப் பூச்சி. கண்ணாடிக்கு ஒரு பிரேமைத் தேர்ந்தெடுக்க வருகிறவர்களிடமே "உங்களுக்கு எது தோணுதோ" என்கிற மனிதர். அவரா சந்தேகப்படுவார்? உனக்குச் சின்ன வயதிலிருந்தே எதையும் பெரிதாக்கித்தான் பழக்கம்.

எனக்கு அந்தக் கிருமி இருக்காது. இருந்தால் இத்தனை வருடம் எனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனாலும் நீ கேட்டதால் எடுக்கிறேன். ஒன்று மட்டும். இதை யாரிடமும் சொல்லாதே. கிளப்பில் வருடா வருடம் மருத்துவச் சான்று கேட்பார்கள். குளத்தில் இறங்குகிறவளுக்கு ரத்தத்தில் ஏதோ என்று ஒரு வார்த்தை கசிந்தால் போதும். போன வருடம் கையில் வெறும் தேமல் இருந்த ஒரு பெண்ணை மற்ற அம்மாக்கள் சேர்ந்து எப்படி விரட்டினார்கள் என்று நான் பார்த்தேன்.

பெரியவள்


பிப்ரவரி 24

சின்னவளுக்கு,

நல்ல சேதி. எனக்கு ஒன்றும் இல்லை.

அந்தச் சீட்டைக் கொண்டுபோனேன். லேப் பையன் அதைப் பார்த்துவிட்டு, இது ஆரம்பப் பரிசோதனை, சின்னது என்றான். இதைவிடப் பெரியது இருக்கிறதா என்று கேட்டேன். கிருமியையே நேராகத் தேடும் பரிசோதனை ஒன்று இருக்கிறது, விலை அதிகம் என்றான். "முதல்ல இத எடுத்துப் பாக்கலாம் மேடம், அப்புறம் அது" என்றான். சுற்றி வளைப்பானேன், பெரியதையே எடு என்றேன். ஐந்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. கிருமி கண்டறியப்படவில்லை என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. ஒரு துளிகூட இல்லை.

ஆகவே அந்த ஊசி இல்லை. ஒரே மருந்தை இரண்டு பேருக்கும் போட்டிருந்தால் இரண்டு பேருக்கும் அல்லவா வந்திருக்க வேண்டும்? பல் பிடுங்கியபோது வந்திருக்கலாம். கடையில் கண்ணாடி கையைக் கிழித்தபோது எங்காவது தையல் போட்டிருப்பாய். யோசித்துப் பார்.

உன் வீட்டுக்காரருக்கு நானே போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். நம் குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை, கவலைப்பட வேண்டாம் என்று. பாவம், மனிதர் நிம்மதியாக இருக்கட்டும். "அப்படியாக்கா, சரிக்கா" என்று கேட்டுக்கொண்டார். குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. நீதான் வீணாகப் பயந்திருக்கிறாய்.

பெரியவள்


மார்ச் 1

அக்கா,

உன் போன் வந்த அன்று இரவு சாப்பாடு ஆனதும் அவர் சொன்னது: "அக்காவுக்கு ஒண்ணும் இல்லையாமே."

கொஞ்ச நேரம் கழித்து: "லென்ஸ் மெஷின் பயிற்சிக்குன்னு அஞ்சு மாசம் வெளியூர் போயிருந்தியே, அது எந்த வருஷம்?"

நான் வருடத்தைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வாடிக்கையாளர் பார்வைப் பலகையில் கீழ் வரியைத் தப்பாகப் படித்தால் அப்படித்தான் ஆட்டுவார். தப்பு என்று வாயால் சொல்ல மாட்டார்.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் ஒரு மாடி அறை எடுத்திருக்கிறேன். உறையின் பின்னால் இருப்பது அதன் விலாசம். அவர் போகச் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. பெட்டியைக் கீழே இறக்கித் தந்தார். மகனுக்கு இன்னும் எதுவும் தெரியாது. அவன் வேலை பார்க்கும் ஊருக்கு நீ போன் பண்ணிச் சொல்லிவிடாதே. உன் உதவி எனக்கு இப்போதைக்குப் போதும்.

தங்கை


மார்ச் 19

அக்கா,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் இதை எழுதாமல் இருந்தால் எனக்குத்தான் நஷ்டம்.

நேற்று டாக்டரம்மாவிடம் உன் ரிப்போர்ட்டைப் பற்றிச் சொன்னேன். "எந்த டெஸ்ட் எடுத்தாங்க?" என்று கேட்டார். பெரியது என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

நீ எடுத்தது கிருமி இப்போது இருக்கிறதா என்று பார்ப்பது. அவர் எழுதிக்கொடுத்தது கிருமி எப்போதாவது வந்ததா என்று பார்ப்பது. கிருமி உள்ளே வந்தால் உடம்பு அதை எதிர்க்க ஒன்றைத் தயாரிக்கும். கிருமி போன பிறகும் அது ரத்தத்தில் தங்கும், பல பேருக்குப் பல வருடம். சீட்டில் எழுதியிருந்தது அதைத் தேடத்தான். சின்னதை வேண்டாம் என்று பெரியதற்குப் போனாயே, சின்னதில்தான் நமக்கு வேண்டியது இருந்தது. உன்னைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைப் பண்ணியிருக்க மாட்டார்கள்.

மருந்து எதுவும் இல்லாமல் கிருமி தானாகப் போகுமா என்று கேட்டேன். நாலு பேருக்கு வந்தால் ஒருவருக்காவது முதல் சில மாதத்தில் தானாகவே போய்விடுமாம். பெண்களுக்கு இன்னும் கொஞ்சம் அதிகம். யாருக்குப் போகும், யாருக்குத் தங்கும் என்பதில் பிறவியிலேயே வரும் ஒரு வித்தியாசத்துக்குப் பெரிய பங்கு உண்டாம். கூடப் பிறந்தவர்களுக்குள்ளேயே அது மாறும் என்றார்.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. "பிரசவத்துக்கு அப்புறம் உங்க அக்காவுக்கு மஞ்சள் காமாலை மாதிரி ஏதாவது வந்துச்சா?"

வந்ததே அக்கா. பிள்ளை பெற்ற இரண்டாவது மாதம் உன் கண் மஞ்சளானது. எண்ணெய் இல்லாமல் வேகவைத்துச் சாப்பிட்டே விரட்டிவிட்டேன் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாய். எனக்கு மஞ்சள் வரவில்லை. வெறும் அசதி. அப்போதுதான் எனக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தீர்கள். டாக்டரம்மா சொல்கிறார், கண் மஞ்சளாகும் அளவுக்கு உடம்பு முரண்டு பிடித்தால் கிருமி போய்விட வாய்ப்பு அதிகமாம். எந்தச் சத்தமும் இல்லாமல் வந்தால் தங்கிவிட வாய்ப்பு அதிகமாம்.

அந்தச் சின்னப் பரிசோதனையை எடு. டாக்டரம்மா இதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார், இருவருடைய மரபணுவையும் பார்க்க ஆசைப்படுகிறார். அது உன் இஷ்டம். எனக்கு வேண்டியது சின்னதுதான்.

தங்கை


ஏப்ரல் 2

சின்னவளுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம், எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

என்னால் முடியாது. காரணத்தை நேராகவே சொல்கிறேன். எனக்கு இப்போது எந்த நோயும் இல்லை. உன் டாக்டரம்மா சொல்வதைப் பார்த்தால் அந்தச் சின்னப் பரிசோதனையில் எனக்குப் பாசிட்டிவ் என்று வரும் போலிருக்கிறது. வந்தால் அந்தக் காகிதம் என் பெயரில் இருக்கும். கிளப்பின் படிவத்தில், ரத்தத்தில் பரவும் நோய்க்கான எந்தப் பரிசோதனையிலாவது எப்போதாவது பாசிட்டிவ் வந்ததா என்று ஒரு கேள்வி இருக்கிறது. இத்தனை வருடம் இல்லை என்று போட்டேன், அது உண்மை. எடுத்த பிறகு போட்டால் பொய். கோடை பேட்ச் இன்னும் ஒரு மாதத்தில் தொடங்குகிறது. இந்தக் குளம் போனால் நான் என்ன செய்வேன்? உன் அத்தானின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. மஞ்சள் காமாலையை நான் எப்படி விரட்டினேன் என்று கூட இருந்த உனக்குத் தெரியும். உப்பில்லாமல், எண்ணெயில்லாமல், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, எழுந்து நடமாடி விரட்டினேன். அதெல்லாம் ஒன்றுமில்லை, பிறக்கும்போதே உனக்குச் சீட்டு விழுந்துவிட்டது என்று யாரோ ஒரு டாக்டரம்மா சொன்னால் நான் ஒத்துக்கொள்ள வேண்டுமா?

உன் வீட்டுக்காரரிடம் வேண்டுமானால் நான் மறுபடி பேசுகிறேன். என் தங்கை அப்படிப்பட்டவள் இல்லை என்று அடித்துச் சொல்கிறேன்.

பெரியவள்


ஏப்ரல் 9

அக்கா,

வேண்டாம் என்றால் வேண்டாம். உன் குளத்தைக் கெடுக்க எனக்கு விருப்பம் இல்லை. அவரிடம் பேசவும் வேண்டாம். நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று இன்னொருவர் அடித்துச் சொன்னால், அப்படி ஒரு கேள்வி இருந்தது என்று ஊர்ஜிதமாகிவிடும்.

மாத்திரை ஆரம்பித்துவிட்டேன். தினம் ஒன்று. டாக்டரம்மா என் மரபணுவைப் பார்த்துவிட்டார். பழைய காலத்தில் ஒரு வருடம்வரை ஊசி போடுவார்களாம், என் மாதிரி மரபணு உள்ளவர்களுக்கு அது பெரும்பாலும் பலிக்காதாம். இந்த மாத்திரை அதையெல்லாம் பார்ப்பதில்லை, யாராக இருந்தாலும் வேலை செய்யும் என்கிறார்கள். இந்த அறையில் ஒரு ஜன்னல், ஒரு ஸ்டவ், கீழ் வீட்டுக்காரரின் தையல் மெஷின் சத்தம். வேறொரு கண்ணாடிக் கடையிலிருந்து லென்ஸ் ஓரம் தேய்க்கும் வேலை வாங்கி வந்து செய்கிறேன். அசதியாக இருந்தால் படுத்துக்கொள்கிறேன். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அது ஒரு சுகம் என்று இப்போதுதான் தெரிகிறது.

உன் கோபம் எனக்குப் புரிகிறது. நீயே விரட்டினாய் என்று நீ நம்புவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதை முழுதாக யோசித்துப் பார். உன் ஒழுங்கால் உனக்குப் போனது என்றால், என் சோம்பலால் எனக்குத் தங்கியது என்றாகிறது. இருபத்தாறு வருடம் நம் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொன்னீர்கள். கிருமி இருக்கிறது என்று தெரியாமலே சரியாக அதைத்தான் சொன்னீர்கள். அவர் வெளியூரைச் சொல்கிறார், நீ சோம்பலைச் சொல்கிறாய். இரண்டிலும் தப்பு என்னுடையதுதான். அந்தப் பரிசோதனையை நான் கேட்டது அவருக்காக மட்டும் என்று நினைத்தாயா?

இனி கேட்க மாட்டேன்.

தங்கை


மே 3

சின்னவளுக்கு,

இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம். உட்கார்ந்து படி. படுத்தும் படிக்கலாம்.

ஏப்ரல் பதினாறாம் தேதி பஸ் பிடித்து உன் ஊருக்கு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ வேண்டாம் என்பாய், நான் அதைச் சாக்காக வைத்துத் திரும்பிவிடுவேன். நேராக உன் டாக்டரம்மாவிடம் போனேன். என் வயதில் பாதிதான் இருக்கும், நகத்தைக் கடிக்கிறார். சின்னப் பரிசோதனைக்கும் மரபணுவுக்கும் சேர்த்தே கையை நீட்டினேன். மறுபடி போன வாரம் வந்து ரிப்போர்ட்டை வாங்கினேன்.

பாசிட்டிவ். வந்திருக்கிறது, போயிருக்கிறது. உனக்கு வந்த அதேதான்.

மரபணுவைப் பற்றி அவர் ஒரு தாளில் எழுதிக்காட்டினார். கிருமி நுழைந்தால் உடம்பு ஓர் எச்சரிக்கைச் சரக்கைச் சுரக்குமாம். அதைச் சுரக்க வைக்கும் மரபணுவுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் ஒரே ஓர் எழுத்து ஆளுக்கு ஆள் மாறும். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு. நம் அம்மாவிடமும் அப்பாவிடமும் இரண்டு வகையும் கலந்து இருந்திருக்க வேண்டுமாம். எனக்கு இரண்டு பேரிடமிருந்தும் நல்லது வந்திருக்கிறது. உனக்கு இரண்டு பேரிடமிருந்தும் மற்றது. நான் கேட்டேன், "அப்ப நான் எண்ணெயில்லாம சாப்பிட்டது?" என்று. "அதுல ஒரு கெடுதலும் இல்லம்மா" என்றார். நல்லது வந்தவர்களிலும் சிலருக்குக் கிருமி தங்கும், மற்றது வந்தவர்களிலும் சிலருக்குப் போகும், தராசு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றும் சொன்னார். எனக்கு ஆறுதலாகச் சொன்னாரோ என்னவோ.

எனக்கு வருத்தமாக இருந்தது. மறைக்கவில்லை. வாழ்க்கையில் நானே செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இரண்டு மூன்று விஷயம்தான் உண்டு, அதில் ஒன்று போய்விட்டது. ஆஸ்பத்திரி வாசலில் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு உங்கள் கடைக்குப் போனேன்.

அவர் ஒரு பெரியவருக்குப் பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். முடியும்வரை இருந்தேன்.

"வாங்கக்கா. சொல்லாம வந்திருக்கீங்க."

காகிதத்தை மேசையில் வைத்தேன். படித்தார். விளக்கடியில் வைத்து மறுபடி படித்தார்.

"அன்னிக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களே?"

"இப்ப இல்லன்னுதான் அர்த்தம் தம்பி. நான்தான் புரியாம உளறிட்டேன். வந்துட்டுப் போயிருக்கு. பக்கத்துப் பக்கத்துக் கட்டில், ஒரே வாரம், ஒரே ஊசி."

"அப்ப உங்களுக்கு மட்டும் எப்படிப் போச்சு?"

டாக்டரம்மா எழுதிய தாளைக் காட்டி எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் ஒரு பிரேமின் காலை மடக்கிப் பிரித்துக்கொண்டே இருந்தார்.

"நான் அவள எதுவும் கேக்கலக்கா."

"கேக்காமலே கேட்டீங்க தம்பி. அது இன்னும் மோசம்."

காகிதத்தின் நகலை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். உன் மாடிப்படியின் கீழே வரைக்கும் வந்தேன், மேலே வரவில்லை. உன்னைப் பார்த்தால் எதையாவது சொல்லிக் கெடுத்துவிடுவேன்.

ஊருக்கு வந்ததும் கிளப் படிவத்தில் ஆம் என்று போட்டுக் கொடுத்தேன். உன் வீட்டுக்காரரிடம் நீட்டிய காகிதத்தை என் கிளப்பில் மறைக்க மனம் ஒப்பவில்லை. செயலாளர் தன்மையான மனிதர். "எனக்குப் புரியுது மேடம். பேரன்ட்ஸ் புரிஞ்சுக்கணுமே" என்றார். கோடை பேட்சை வேறொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டார்கள். அவளுக்கு விசில் சரியாக ஊதத் தெரியவில்லை. என் வீட்டு மொட்டை மாடியிலிருந்து கேட்கிறது.

பெரியவள்


மே 11

அக்கா,

கடிதத்தைப் படுத்துத்தான் படித்தேன். இரண்டாவது முறை உட்கார்ந்து படித்தேன்.

மாடிப்படி வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனதற்கு உன்னை நான் மன்னிக்கப்போவதில்லை. மற்றதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. அழுதேன். போதுமா?

முதலில் உன் காரியம். வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். டாக்டரம்மா ஒரு கடிதம் தந்திருக்கிறார். உன்னிடம் கிருமி இல்லை, உன்னிடமிருந்து யாருக்கும் எதுவும் பரவ வழியே இல்லை, அப்படியே கிருமி இருந்தாலும்கூடக் குளத்துத் தண்ணீரில் இது பரவாது என்று முத்திரையோடு எழுதியிருக்கிறார். அந்தச் செயலாளரை நான் பார்க்கிறேன். நீ கூட வா, ஆனால் வாயைத் திறக்காதே. நீ பேசினால் அவர் தினமும் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்பதில் போய் முடியும். அம்மாக்களைக் கூப்பிடச் சொல்கிறேன். கிருமி உள்ளவள் எப்படி இருப்பாள் என்று அவர்கள் நேரில் பார்க்கட்டும். உண்மையில் எனக்கும் அது போய்விட்டது. நான்காவது வாரப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்திருக்கிறது. மாத்திரையை முழுதாக முடித்த பிறகுதான் நிச்சயமாகச் சொல்வார்களாம். கல்லீரல் அப்படியேதான் இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்.

இனி மற்றது.

அவர் நேற்று வந்தார். மாடிப்படி ஏறி, மேலேயே வந்தார். கையில் நீ விட்டுவிட்டுப் போன நகல். உள்ளே கூப்பிட்டேன். நின்றுகொண்டே, "தப்பா நெனச்சுட்டேன்" என்றார். இந்த மனிதர் வாயிலிருந்து அது வருவதற்கு எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். பிறகு, "வீட்டுக்கு வந்துடு" என்றார். பெட்டி எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடினார்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து பாதி இழுத்தும் விட்டேன். அப்போது டாக்டரம்மா சொன்ன ஒன்று ஞாபகம் வந்தது. கிருமி தானாகப் போனவர்களில் சிலருக்கு, இருபது வருடத்துக்குமேல் ஆனால், வந்துபோன அடையாளமும் ரத்தத்திலிருந்து அழிந்துவிடுமாம். உன் ரத்தத்தில் அது இன்னும் இருந்தது நம் அதிர்ஷ்டமாம்.

நான் அவரிடம் அதைச் சொன்னேன். சொல்லிவிட்டுக் கேட்டேன். "அக்கா ரத்தத்துல அது அழிஞ்சு போயிருந்தா? அப்பவும் நான் இதே ஆளுதான். ஊசியும் இதே ஊசிதான். அப்ப என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் காகிதத்தைப் பார்த்தார். அதில் அதற்குப் பதில் இல்லை. காகிதத்தை மடித்துக்கொண்டே, "தெரியல" என்றார். பொய் சொல்லவில்லை. அந்த மட்டுக்கும் நல்லவர்.

பெட்டியைத் திரும்ப உள்ளே தள்ளினேன். "யோசிச்சுட்டு வாங்க" என்றேன். கோபத்தில் சொல்லவில்லை, அக்கா. எனக்கு அந்தப் பதில் உண்மையிலேயே தெரிய வேண்டும்.

தங்கை